பெற்றோர் மறுப்பு

என்னைப் பற்றி ஆஸ்பத்திரியில் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, குழந்தைகளுக்குக் கல்லீரல் மாற்றுவதில் கைதேர்ந்தவள். இன்னொன்று, வாயைத் திறந்தால் பக்கத்தில் யாரும் நிற்க முடியாது. இரண்டும் உண்மைதான். தியேட்டரில் கத்தரிக்கோலை அரை நொடி தாமதமாக நீட்டினாலும் எரிந்து விழுவேன். பயிற்சி டாக்டர்கள் எனக்கு 'அடுப்பு' என்று பெயர் வைத்திருப்பது எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு. நினைத்துக்கொள்ளட்டும். ஆறு கிலோ குழந்தையின் வயிற்றுக்குள், தீக்குச்சி கனமுள்ள ஒரு ரத்தக்குழாயை இன்னொரு குழாயோடு, கண்ணுக்கே தெரியாத நூலால் தைத்துவிட்டு வருகிறவளுக்கு, இருக்கிற பொறுமை எல்லாம் அங்கேயே செலவாகிவிடும். வெளியில் காட்ட ஒன்றும் மிஞ்சாது.

நான் ஒரே ஒரு குழந்தையிடம்தான் இளகிப்போனேன். அந்த இளக்கத்திலும் பாதி கலப்படம். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அவளை முதலில் பார்த்தபோது அவளுக்கு எட்டு மாதம். கண்ணும் தோலும் மஞ்சள். கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. பித்தம் வெளியே போக வழி இல்லாமல் பிறந்த குழந்தை. போக வழியில்லாத பித்தம் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதை அரித்துவிட்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் தாங்கினால் அதிகம் என்றேன். அவள் அப்பா, "எங்கிட்டேர்ந்து எடுத்துக்குங்க டாக்டர்" என்றார். வேறு எதையும் கேட்கவில்லை.

அவருக்கு ஜன்னலுக்கும் கதவுக்கும் கண்ணாடி வெட்டும் கடையில் வேலை. விரல் பூராவும் பழைய கீறல்கள். அறுவைக்கு முதல் நாள் நான் படம் போட்டு விளக்கினேன். உங்கள் கல்லீரலின் இடது ஓரத்தில் உள்ளங்கை அளவு துண்டு எடுப்போம், உங்களுக்குத் திரும்ப வளர்ந்துவிடும், குழந்தைக்குள் வைக்கிற துண்டும் அவளோடு சேர்ந்து வளரும் என்று. அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"நீங்களும் வெட்டுறீங்க, நானும் வெட்டுறேன். ஆனா நான் வெட்டுனது ஒட்டாது டாக்டர். உங்க வேலை தேவலை."

ஒட்டியது. குழந்தை பிழைத்தாள். மூன்று வயதில் வார்டு முழுக்க ஓடினாள், நாலு வயதில் வாய் ஓயாமல் பேசினாள். செவிலிகள் அவளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்தார்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மற்ற குழந்தைகள் என்னைக் கண்டால் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். இவள் என் மேசை மேல் ஏறி உட்கார்ந்து, "இன்னைக்கு யாரைத் திட்டுனீங்க?" என்று கேட்பாள்.

என் ஆராய்ச்சி பற்றிச் சொல்ல வேண்டும். அது இல்லாமல் மீதி புரியாது.

நான் தனியாக அறுவை செய்த முதல் குழந்தை ஒரு பையன், மூன்று வயது. அருமையாகத் தேறினான். எட்டு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. இன்னொருவரின் கல்லீரலை உடம்பு ஏற்றுக்கொள்ள, தினமும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரை கொடுப்போம். உயிருள்ளவரை கொடுக்க வேண்டும். அந்த மாத்திரை அடக்கிய இடத்தில்தான் புற்றுநோய் புகுந்தது. ஐந்து மாதத்தில் போய்விட்டான். நான் தைத்த கல்லீரல் கடைசி நாள் வரை ஒழுங்காக வேலை செய்தது. அதைக் காப்பாற்றக் கொடுத்த மருந்து ஆளைக் கொன்றுவிட்டது. அவன் அம்மா என்னிடம் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அந்த நன்றியை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு இருபது வருடமாக ஒரே கேள்வி. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் அடியோடு நிறுத்த முடியுமா? முப்பத்தொரு குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தேன். மூன்று வருடம் எடுத்து, நூல் பிடித்த மாதிரி குறைத்தேன். பத்தொன்பது பேருக்கு நடுவிலேயே உடம்பு முரண்டு பிடித்தது, மருந்தைத் திரும்பக் கொடுத்துச் சரி செய்தோம். பன்னிரண்டு பேருக்கு முழுதாக நிறுத்த முடிந்தது. அந்தப் பன்னிரண்டில் வாலு ஒருத்தி. ஆறு வயதில் அவள் கடைசி மாத்திரையை விழுங்கவில்லை, என் மேசை மேல் வைத்து, "இதை நீங்க சாப்பிடுங்க, கோபம் அடங்கும்" என்றாள்.

ஆராய்ச்சிக்கு விதிமுறைகள் உண்டு. எழுதியது நான்தான். மருந்தை நிறுத்திய பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ரத்தப் பரிசோதனை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஊசியால் குத்திக் கல்லீரலில் துளி சதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பயாப்ஸி. ஏனென்றால் சில குழந்தைகளுக்கு ரத்தம் எல்லாம் சரியாகக் காட்டும், உள்ளே கல்லீரல் சத்தமில்லாமல் தழும்பாகிக்கொண்டே போகும். ஆரம்பத்தில் கண்டுபிடித்து மாத்திரையைத் திரும்பக் கொடுத்தால் நின்றுவிடும். விட்டுவிட்டால் விட்டதுதான்.

எட்டு வயதில் வாலுவுக்கு முதல் பயாப்ஸி. சதை சுத்தமாக இருந்தது. ஆனால் குத்திய இடத்தில் உள்ளே ரத்தம் கசிந்து மூன்று நாள் ஐசியூவில் கிடந்தாள். நெறிமுறைக் குழு என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டது. இன்னொரு குழந்தைக்கு இப்படி ஆனால் ஆராய்ச்சியை நிறுத்த வேண்டியிருக்கும் என்றார்கள்.

பத்து வயதில் மறுபடி வந்தாள். ஓபி அறையில் அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, அன்று வரவில்லை. வாலு வழக்கம்போல மேசை மேல் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள்.

"போன தடவை குத்துனப்போ மூணு நாள் ஐசியூல கெடந்தா டாக்டர்," என்றார் அப்பா. "ரத்தத்துல எல்லாம் நல்லா இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. குத்தித்தான் ஆகணுமா?"

"குத்துனா நான் உங்க ஆராய்ச்சிலேர்ந்து ராஜினாமா," என்றாள் வாலு, மூக்கை உறிஞ்சியபடி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவமாகவும் இருந்தது. "சரி, இந்தத் தடவை வேணாம். அடுத்த தடவை பாத்துக்கலாம்," என்றேன்.

"நெஜமாவா? ஒண்ணும் ஆயிடாதே டாக்டர்?"

"நான் சொல்றேன்ல."

இது இளக்கம். கலப்படத்தைச் சொல்கிறேன். அன்றிலிருந்து மூன்றாவது வாரம் என் கட்டுரையை அனுப்பியாக வேண்டும். உலகத்தில் பெரிய பெரிய ஆட்கள் படிக்கிற பத்திரிகை. இந்த நேரத்தில் வாலுவுக்கு மறுபடி ரத்தம் கசிந்தால் எல்லாம் நின்றுவிடும். இந்தப் பயமும் என் வாயிலிருந்து அந்த 'வேணாம்' வருவதற்கு முன்பே உள்ளே உட்கார்ந்திருந்தது. அவள் அழாமல் இருந்திருந்தால் குத்தியிருப்பேனா என்று என்னையே எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். தெரியவில்லை.

பரிசோதனை செய்யாவிட்டால் ஒரு தாளில் காரணம் எழுத வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள். 'மருத்துவர் தள்ளிவைத்தார்', 'பெற்றோர் மறுப்பு'. முதல் கட்டத்தில் குறி போட்டால் குழந்தை ஆராய்ச்சியிலிருந்து விலக வேண்டும். விதியை மீறியது நாம் அல்லவா. இரண்டாவதில் போட்டால் குழந்தை இருக்கலாம், அடிக்குறிப்பு ஒன்று போதும். இந்த விதியையும் எழுதியது நான்தான்.

எங்கள் பிரிவின் சிஸ்டர், இந்தக் குழந்தைகளின் ஃபைலை எல்லாம் ஆரம்பத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவள், பேனாவோடு நின்றாள்.

"எதுல டிக் பண்றது மேடம்?"

"பெற்றோர் மறுப்புல போடு."

"அவரு மறுக்கலையே. கேட்டாரு, அவ்வளவுதான்."

"ரெண்டும் ஒண்ணுதான். போடும்மா, ஆராய்ச்சி பண்ணாத."

அவள் போட்டாள். வேறு நாலு தாள்களோடு அதையும் நீட்டினாள். விரல் காட்டிய இடத்திலெல்லாம் அப்பா கையெழுத்துப் போட்டார். இந்த ஆஸ்பத்திரியில் பத்து வருடமாக அவர் போட்ட கையெழுத்தைச் சேர்த்தால் ஒரு புத்தகமே வரும். எதையும் படித்ததில்லை. எங்களை நம்பினார்.

கட்டுரை வந்தது. நல்ல பெயர் வந்தது. வெளிநாட்டு மாநாடுகளில் வாலு ஓட்டப்பந்தயத்தில் ஓடும் படத்தைத் திரையில் போட்டு, "எட்டு மாதத்தில் கல்லீரல் மாற்றம். இப்போது ஒரு மாத்திரைகூட இல்லை" என்பேன். எழுந்து நின்று கை தட்டுவார்கள். அவள் பன்னிரண்டாவது வயதுப் பரிசோதனைக்கு வந்த அன்றும் நான் அப்படி ஒரு மேடையில்தான் இருந்தேன். என் உதவியாளர் பழைய தாளைப் பார்த்தார், அதே கட்டத்தில் குறி போட்டார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

பதினான்காவது வயதில் ஒரு திங்கட்கிழமை, பள்ளியில் முதல் வகுப்பு நடக்கும்போது வாலு ரத்த வாந்தி எடுத்தாள்.

அவளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது சட்டை முன்புறம் முழுக்க நனைந்திருந்தது. குழாய் விட்டுப் பார்த்து ரத்தத்தை நிறுத்தினோம். உணவுக் குழாயில் ரத்தநாளங்கள் புடைத்து வெடித்திருந்தன. ஸ்கேனில் மண்ணீரல் இடுப்பு வரை இறங்கியிருந்தது. இரண்டும் கல்லீரல் கெட்டதற்கு அடையாளம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஊசி இறக்கிச் சதை எடுத்தோம். நுண்ணோக்கியில் பார்க்கும் டாக்டர் என்னைக் கூப்பிட்டு நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். நான் குனிந்து பார்த்தேன். கல்லீரல் என்று சொல்ல அதில் அதிகம் இல்லை, எல்லாம் தழும்பு.

"இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல. நாலஞ்சு வருஷமா நடந்திருக்கு," என்றார் அவர். "நடுவுல பாக்கலையா?"

நாலு வருடத்துக்கு முன் குத்தியிருந்தால் ஆரம்பம் தெரிந்திருக்கும். அவள் என் மேசையில் வைத்துவிட்டுப் போன அந்த மாத்திரையை மறுபடி கொடுத்திருந்தால் நின்றிருக்கும். இதற்குச் சாட்சி வேறு எங்கும் தேட வேண்டாம். பன்னிரண்டு பேரில் இன்னும் இரண்டு குழந்தைகளுக்கு அதே கட்டத்தில் குறி இருந்தது. அந்த வாரமே இரண்டு பேரையும் வரவழைத்துக் குத்திப் பார்த்தேன். ஒருத்தன் சுத்தம். இன்னொருத்தனுக்குத் தழும்பு தொடங்கியிருந்தது, மாத்திரை கொடுத்ததும் நின்றுவிட்டது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான்.

வாலுவுக்கு இன்னொரு கல்லீரல் வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதம். இதைச் சொல்ல அப்பாவையும் அம்மாவையும் சிறிய அறைக்குக் கூப்பிட்டேன். மூன்று நாற்காலி, ஒரு மேசை, முகம் துடைக்கக் காகிதம். கெட்ட செய்தி சொல்வதற்கென்றே உள்ள அறை. சிஸ்டர் ஃபைலோடு ஓரமாக நின்றாள். நான் சொல்லி முடிக்கும் வரை அம்மா அழவில்லை. அதிகம் பேசுகிறவளும் இல்லை. முடித்ததும் கேட்டாள்:

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை குத்திப் பாக்கணும்னு ஆரம்பத்துலயே எழுதிக் கொடுத்தீங்களே. பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் எழுந்து சிஸ்டர் கையிலிருந்த ஃபைலை வாங்கிவிட்டாள். அலுவலகத்தில் தாள் புரட்டுகிறவள், இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். தாளைப் புருஷன் முன்னால் வைத்தாள்.

"பெற்றோர் மறுப்புன்னு போட்டிருக்கு. இது உங்க கையெழுத்துதானே?"

அவர் குனிந்து பார்த்தார். "என்னோடதுதான்."

"வேணாம்னு சொன்னீங்களா?"

"குத்தணுமான்னு கேட்டேன்... புள்ள அழுதுச்சு..." என்று இழுத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். குற்றம் சாட்டிப் பார்க்கவில்லை. தனக்கு ஞாபகம் இல்லாததை நான் ஞாபகப்படுத்துவேன் என்று நம்பிப் பார்த்தார். சிஸ்டரும் என்னைப் பார்த்தாள்.

எனக்கு ஒரு வரி சொன்னால் போதும். ஆனால், "இப்ப அதைப் பேசி என்ன ஆகப்போகுது? மேற்கொண்டு ஆக வேண்டியதைப் பாப்போம்," என்றேன். குரலில் கொஞ்சம் அதட்டல்கூட இருந்தது. என் வாயால் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். இதைவிடக் கேவலமாக எதையும் பேசியதில்லை.

அம்மா ஃபைலை மூடினாள். அன்றிலிருந்து புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அப்பா ஏற்கெனவே கொடுத்தவர், இரண்டாவது முறை கொடுக்க முடியாது. அம்மாவின் ரத்த வகை பொருந்தியது, ஆனால் அவள் கல்லீரலில் கொழுப்பு அதிகம். எட்டு வாரத்தில் எட்டு கிலோ குறைத்தால் எடுக்கலாம் என்றேன். மறுநாள் காலையிலிருந்து ஆஸ்பத்திரியின் ஏழு மாடிப் படிகளையும் ஏறி இறங்க ஆரம்பித்தாள். ஒரு நாளைக்கு இருபது தடவை. அவள் பையைத் தூக்கிக்கொண்டு அப்பா ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நிற்பார். தண்ணீர் பாட்டிலை நீட்டுவார். அவள் வாங்கிக் குடிப்பாள், முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுப்பாள். நான் மின்தூக்கியை விட்டுவிட்டுப் படியில் போகிற பழக்கம் உள்ளவள். அந்த இரண்டு மாதமும் மின்தூக்கியில்தான் போனேன்.

மூன்றாவது வாரம் சிஸ்டர் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தாள்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா மேடம்? அந்த மனுஷன் முகத்தைப் பாக்க முடியல."

"சொன்னா அன்னைக்கே என்னைத் தியேட்டருக்குள்ள விட மாட்டாங்க. குழு விசாரணைன்னு உட்கார வச்சிடுவாங்க. அவளுக்கு யாரு ஆபரேஷன் பண்றது? ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்றேன்."

"உங்ககிட்ட படிச்சவரு இருக்காரே. அரை நாள் பயணம். ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிடலாம்."

"ரெண்டாவது தடவை மாத்துறதுன்னா வெளையாட்டா? அவன் எத்தனை பண்ணியிருக்கான்?"

"உங்களைவிட அதிகம் மேடம்."

"வெளிய போ," என்று கத்தினேன். போனாள். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் குறி போட்ட கை அவளுடையது, என்னோடு இருந்த பழக்கம் இருபது வருடம். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் சொன்னது உண்மை என்பதுதான் எனக்குக் கோபம். வாலுவைக் காப்பாற்ற என்னால்தான் முடியும் என்று நான் என்னிடமே பூசி மெழுகிக்கொண்டிருந்தேன். என் பெயரும் அதற்குள் பத்திரமாக இருந்தது.

வாலு படுக்கையில் நாளுக்கு நாள் மஞ்சளாகிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் ஓயவில்லை. ஒரு மத்தியானம் நான் சொட்டு மருந்தைப் பார்க்கப் போனபோது கேட்டாள்:

"நான் செத்துட்டா உங்க ஆராய்ச்சில என்னை எந்தப் பக்கம் எழுதுவீங்க? பாஸா, ஃபெயிலா?"

"வாயை மூடு. உளறாத."

"சும்மா கேட்டேன், திட்டாதீங்க." போர்வையை மேலே இழுத்துக்கொண்டாள். "அம்மாவும் அப்பாவும் பேசிக்கிறதே இல்ல டாக்டர். ரெண்டு பேரும் எங்கிட்ட மட்டும் சிரிக்கிறாங்க. என்னாலதானே?"

"உன்னால இல்ல."

"பின்ன யாரால?"

மருந்து சரியான வேகத்தில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதன் திருகைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதிலுக்குக் காத்திருந்து, பிறகு கண்ணை மூடிக்கொண்டாள்.

அம்மா ஏழு வாரத்தில் ஒன்பது கிலோ குறைத்தாள். நாள் குறித்தோம். பக்கத்துத் தியேட்டரில் என் சக டாக்டர் அம்மாவின் வயிற்றைத் திறந்தார். நான் வாலுவைத் திறந்தேன். பதிமூன்று வருடத்துக்கு முன் நான் போட்ட அதே தழும்பின் மேல் கத்தி வைத்தேன். உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. எதைத் தொட்டாலும் ரத்தம். பழைய கல்லீரலைப் பிரித்தெடுக்கவே ஆறு மணி நேரம் ஆனது. அன்று நான் யாரையும் திட்டவில்லை. கத்தரிக்கோல் தாமதமாக வந்தபோதுகூடக் காத்திருந்தேன். அது எல்லோரையும் பயமுறுத்தியது என்று பிறகு சொன்னார்கள்.

அம்மாவின் கல்லீரல் துண்டை வைத்தேன். ரத்தம் பாய்ந்ததும் நிறம் மாறி உயிர் வந்தது. நாலு நாள் நன்றாக இருந்தாள். ஐந்தாம் நாள் வாயிலிருந்த குழாயை எடுத்ததும் தண்ணீர் கேட்டாள். ஆறாம் நாள் காலை ஸ்கேனில் நான் தைத்த ரத்தக்குழாயில் ஓட்டம் இல்லை. ரத்தம் உறைந்திருந்தது. உடனே திறந்து, உறைந்ததை எடுத்து, மறுபடி தைத்தேன். சாயங்காலம் மறுபடி உறைந்தது. இந்த வேலையில் இப்படி நடப்பதுண்டு, யார் தைத்தாலும் நடக்கும் என்று என் சக டாக்டர் சொன்னார். அரை நாள் தொலைவில் இருப்பவன் தைத்திருந்தாலும் நடந்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. வேறு கல்லீரலுக்கு அவசரப் பட்டியலில் போட்டோம். வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு வாலு போய்விட்டாள். இரண்டு மாடி கீழே அம்மா படுத்திருந்தாள். சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அப்பா தள்ளிக்கொண்டு வந்தார்.

ஐந்து நாள் கழித்து, குழுவுக்கு நடந்ததை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் முடியட்டும் என்று சொன்னவள் இல்லையா. முடிந்துவிட்டதே.

சின்ன வீடு. முன் அறையில் அப்பா மட்டும் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். நீங்கள் மறுக்கவில்லை, கேட்டீர்கள், அவ்வளவுதான். வேண்டாம் என்று சொன்னது நான். அந்தக் கட்டத்தில் குறி போடச் சொன்னதும் நான். எதற்காகப் போடச் சொன்னேன், அன்று அந்த அறையில் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தேன், வேறு யாரிடம் அனுப்பியிருக்கலாம், எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றிருந்தது.

அவர் அடிக்கவில்லை.

"ஆபரேஷன் அன்னைக்குக் காலைல தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி அவ காதுல சொன்னேன் டாக்டர்," என்றார். "அப்பாதாம்மா குத்த வேணாம்னு சொல்லிட்டேன், என்னை மன்னிச்சிடுன்னு சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'நீ ஏன்ப்பா அழற. நான்தானே கதவைப் புடிச்சுக்கிட்டு அழுது அடம் புடிச்சேன். என் தப்புதான்ப்பா, அம்மாகிட்டயும் சொல்லிடு, உன்மேல கோவமா இருக்க வேணாம்னு சொல்லு'ன்னா."

சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

"தன்னோட தப்புன்னு நெனைச்சுக்கிட்டே உள்ள போயிட்டா டாக்டர். இல்லம்மா, உன் தப்பு இல்லன்னு இப்ப நான் எங்க போய் அவகிட்ட சொல்லுவேன்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவு சாத்தியிருந்த உள்ளறையைக் காட்டினார்.

"அவ அம்மா உள்ள இருக்கா. நீங்களே போய்ச் சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டா."

உள்ளே போனேன். வாலுவின் கட்டிலில்தான் அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் வயிற்றை அழுத்திப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வலித்தது, முடியவில்லை.

"தையல் பிரிக்க வீட்டுக்கே வந்துட்டீங்களா டாக்டர்?" என்றாள். "உங்களுக்கு எதுக்கு இவ்வளவு சிரமம்?" சொல்லிக்கொண்டே, எனக்கு வசதியாக இருக்கட்டும் என்று மெல்லச் சாய்ந்து படுத்துக்கொண்டாள்.

"இல்லம்மா," என்றேன். "தையலுக்கு வரல."